கப்டன் அபொட்: ஒரு படை மருத்துவர், ஒரு பள்ளித் தலைவர், ஒரு ரொறன்ரோக் குடும்பம்

(இணையவழி இலக்கியச் சந்திப்பொன்றில் ஆற்றிய உரையின் திருத்திய எழுத்து வடிவம்)

  இலக்கியக் கூட்டத்தில் வரலாறு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இன்று நான் பேசப்போகிறவர் கவிதையும் எழுதியவர்தான். ஆனால் அவரை நான் தேடிப் போனது கவிதைக்காக அல்ல.

எங்கள் ஊர்களில் ஓர் ஆசிரியர் இறந்துபோனால் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிப்பார்கள். நல்ல தகப்பன், கண்டிப்பான ஆசான், ஊருக்கு உழைத்த பெரியவர் என்று இருக்கும். வம்சாவளி இருக்கும். பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் என்ற விபரம் இருக்கும். அவர் யாரோடு முரண்பட்டார், எந்த வாசலில் போய் நின்று திரும்பி வந்தார் என்பவை மட்டும் இருக்காது. ரொறன்ரோவிலும் இந்த வழக்கத்தை நாங்கள் விடவில்லை. என்னுடைய அலுமாரியில் அப்படிப்பட்ட மலர்கள் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. வரலாறு எழுதுகிறவனுக்கு அவை தேவை. ஆனால் அவை போதாது.

அந்த மூன்று புகழுரைகளும் அப்படியே பொருந்தக்கூடிய ஒருவர் இதே நகரத்தில் 1837ஆம் ஆண்டு பிறந்து 1913இல் இறந்தார். பெயர் அன்டர்சன் ரஃபின் அபொட். கனடாவில் பிறந்து மருத்துவ அனுமதிப் பத்திரம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் மருத்துவராகப் பணிசெய்தவர். ஏழு ஆண்டுகள் ஒரு கல்வி நிறுவனத்துக்குத் தலைவராக இருந்தவர். ஐந்து பிள்ளைகளின் தகப்பன். அவருடைய கல்லறை ரொறன்ரோ நெக்ரோபோலிஸ் மயானத்தில் இருக்கிறது. எண்பதுகளில் வந்த எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் முதலில் குடியேறிய சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடங்களிலிருந்து அங்கே பத்து நிமிடம் நடந்தால் போதும். நாங்கள் அந்தப் பக்கம் றிவர்டேல் பண்ணைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவோம், ஆடு மாடு காட்ட. மயானம் அதற்குப் பக்கத்தில்தான்.

முதலில் தகப்பனைச் சொல்லவேண்டும். தகப்பன் இல்லாமல் மகன் இல்லை என்ற பொருளில் மட்டும் அல்ல. மகனுடைய படிப்புக்கு அடியில் தகப்பனுடைய காணி உறுதிகள் இருக்கின்றன. வில்சன் ரஃபின் அபொட் வேர்ஜீனியாவில் அடிமையல்லாத கறுப்பினத் தாய்க்குப் பிறந்தவர். அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடை கொள்ளையடிக்கப்படப் போகிறது என்று ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. மனைவி எலனையும் பிள்ளைகளையும் கப்பல் ஏற்றிவிட்டு, கையில் எடுக்கக்கூடிய பணத்தை எடுத்துக்கொண்டு, கடையை விட்டுவிட்டு வெளியேறினார்கள். இது 1834இல். நியூயோர்க் போனார்கள், அங்கேயும் சரிவரவில்லை. அடுத்ததாக ரொறன்ரோ வந்தார்கள். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளை அறிந்த குடும்பங்களுக்கு இந்தக் கதையின் ஒவ்வொரு படியும் தெரிந்ததுதான்.

இங்கே வந்து அவர் வீடுகள் வாங்கினார். ஒன்றை வாங்கி, வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் அடுத்ததை வாங்கினார். 1871ஆம் ஆண்டளவில் ரொறன்ரோ, ஹமில்ரன், ஓவன் சவுண்ட் ஆகிய இடங்களில் 42 வீடுகளும், ஐந்து வெற்றுக் காணிகளும், ஒரு பண்டகசாலையும் அவருக்குச் சொந்தமாக இருந்தன. எலன் அபொட் 1840இல் வறிய கறுப்பினப் பெண்களுக்கு உதவுவதற்காக விக்டோரியா மகாராணியின் பெயரில் ஒரு சங்கம் தொடங்கினார். அதே 1840இல் ரொறன்ரோவின் கறுப்பின மக்கள் நகரசபைக்கு ஒரு மனு கொடுத்தார்கள். அமெரிக்காவிலிருந்து வரும் சேர்க்கஸ் கூட்டங்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு தங்களைக் கேலிசெய்கின்றன, அவற்றுக்கு அனுமதி கொடுக்கவேண்டாம் என்பது மனு. ஒருமுறை கேட்டுக் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள்.

1837 டிசம்பரில் வில்லியம் லையன் மக்கென்சி இங்கே கிளர்ச்சி செய்தபோது வில்சன் அபொட் முடியின் பக்கம் தொண்டர் படையில் சேர்ந்தார். அன்டர்சனுக்கு அப்போது எட்டு மாதம். மக்கென்சி சனநாயகத்துக்காக நின்றவர், எனவே கறுப்பினத்தவர் தவறான பக்கத்தில் நின்றார்கள் என்று இப்போது சொல்வது சுலபம். அவர்களுக்கு முன்னால் இருந்த கேள்வி வேறு. கிளர்ச்சி வென்றால் இந்த மாகாணம் அமெரிக்காவோடு போய்விடுமோ என்ற பயம் இருந்தது. பிரித்தானியப் பேரரசில் 1834 ஓகஸ்ட் முதலாம் திகதி அடிமைமுறை ஒழிந்திருந்தது. அமெரிக்காவில் இருந்தது. மக்கென்சியும் நெக்ரோபோலிஸ் மயானத்தில்தான் இருக்கிறார்.

மகனுக்கு வருவோம். வில்லியம் கிங் என்ற பிரெஸ்பிற்றேரியன் பாதிரியார் 1849இல் தென்மேற்கு ஒன்ராறியோவில் பக்ஸ்ரன் என்ற இடத்தில் கறுப்பினக் குடியேற்றம் ஒன்றைத் தொடங்கி, அதில் ஒரு பள்ளிக்கூடமும் வைத்தார். அங்கே லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார்கள். தப்பி ஓடிவந்த அடிமைகளின் பிள்ளைகளுக்கு லத்தீன் எதற்கு என்று கேட்கக்கூடிய காலம் அது. பள்ளி நல்ல பெயர் எடுத்ததும் சுற்றியிருந்த வெள்ளையர்கள் தங்கள் பிள்ளைகளை அங்கே அனுப்பினார்கள். அன்டர்சன் அந்தப் பள்ளியில் படித்தார். பிறகு ரொறன்ரோவிலும், ஒகையோவில் ஓபர்லின் கல்லூரியின் ஆயத்த வகுப்பிலும் படித்தார். கடைசியில் ரொறன்ரோ மருத்துவப் பள்ளி.

அதே ஐம்பதுகளில் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நினைத்துப் பாருங்கள். 1847இல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் எங்கள் இளைஞர்களுக்கு மேல்நாட்டு வைத்தியம் கற்பித்துக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கம், 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியை 1855இல் மூடிவிட்டார்கள். அமெரிக்க மிஷனிலிருந்து வந்த தூதுக்குழு, இங்கே உயர்கல்வி கொடுப்பது மிஷனின் வேலையல்ல, ஊர்ச் சபைகளுக்குத் தேவையான அளவு படிப்பு போதும் என்ற முடிவுக்கு வந்தது. வானியலும் கணிதமும் கற்பித்த இடம் ஒரே கையெழுத்தில் போயிற்று. யாருக்கு எவ்வளவு படிப்பு போதும் என்று வேறொருவர் தீர்மானிக்கிற இந்த விஷயம் அபொட்டின் கதையில் பின்னால் மறுபடி வரும், அதனால்தான் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

ரொறன்ரோவில் அபொட்டுக்கு ஒரு வழிகாட்டி கிடைத்தார். அலெக்சாண்டர் ஒகஸ்ரா, வேர்ஜீனியாவில் பிறந்த சுதந்திரக் கறுப்பினத்தவர். அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரியில் சேர முடியாமல் இங்கே வந்து ரிறினிற்றி கல்லூரியில் மருத்துவம் படித்தார். யங் வீதியில் மருந்துக்கடையும் நடத்தினார். தன் நாட்டில் படிக்க முடியாத ஒருவர் இங்கே படித்து, இங்கே பிறந்த ஒருவருக்குக் கற்றுக்கொடுத்தார். அபொட் 1861இல் மருத்துவ அனுமதி பெற்றார். அந்த ஏப்ரலில் எல்லைக்கு அந்தப் பக்கம் போர் தொடங்கியது.

அந்தப் போர் தமிழ்நாட்டையும் தொட்டது என்பது இடைச்செருகல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. அமெரிக்கப் பஞ்சு இங்கிலாந்துக்குப் போகாமல் நின்றதும் திருநெல்வேலிப் பருத்திக்கு விலை ஏறி, தூத்துக்குடித் துறைமுகம் சில ஆண்டுகள் சுறுசுறுப்பாக இருந்தது.

1863 ஜனவரி முதலாம் திகதி லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது. கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்கத் தொடங்கினார்கள். போர் முடியும்போது கிட்டத்தட்ட 1,80,000 பேர் வடக்கின் தரைப்படையில் பணியாற்றியிருந்தார்கள். பெப்ரவரியில் அபொட் அமெரிக்கப் போர் அமைச்சர் ஸ்ராண்டனுக்கு விண்ணப்பம் எழுதினார். கறுப்பினப் படையணி ஒன்றில் உதவி மருத்துவராகச் சேரவேண்டும் என்று கேட்டார். கிடைக்கவில்லை. ஏப்ரலில் ஒரு படி கீழே இறங்கி, மருத்துவ மாணவப் பயிலுநராகவேனும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மறுபடி எழுதினார். அனுமதிப் பத்திரம் வாங்கி இரண்டு வருடமான ஒரு மருத்துவர், மாணவனுடைய இடத்தைக் கேட்டு எழுதிய விண்ணப்பம் அது. கனடாவுக்கு வந்த எங்கள் மருத்துவர்கள் சிலரும் இப்படி எழுதியிருக்கிறார்கள். கடைசியில் ஒப்பந்த மருத்துவராக எடுத்தார்கள். 1863 யூனிலிருந்து வாஷிங்டனில் வேலை. பட்டமும் பதவியும் இல்லாத சிவில் ஒப்பந்தம்.

இந்த ஒப்பந்தம் என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். முன்னாள் படைவீரர் என்று யாரைச் சொல்வது என்பது அதில்தான் தொங்குகிறது.

அவருடைய ஆசிரியர் ஒகஸ்ராவுக்கு அதே ஏப்ரலில் மேஜர் தரம் கொடுத்தார்கள். அமெரிக்கப் படையில் அந்தத் தரம் பெற்ற முதல் கறுப்பின மருத்துவர் அவர். கொடுத்த கையோடு பிரச்சினையும் தொடங்கியது. அவருக்குக் கீழே வேலைசெய்ய முடியாது என்று வெள்ளை மருத்துவர்கள் லிங்கனுக்கு எழுதினார்கள். அவரை அந்த இடத்திலிருந்து மாற்றிவிட்டார்கள். சம்பளத்தைப் பார்த்தால், சம்பளம் கொடுக்கிற அதிகாரி கறுப்பினச் சிப்பாய்க்குக் கொடுக்கிற மாதம் 7 டொலரைத்தான் மேஜருக்கும் கொடுத்தார். ஒரு செனற்றர் தலையிட்ட பிறகுதான் அது சரியானது. 1864 பெப்ரவரி முதலாம் திகதி, இராணுவ நீதிமன்றம் ஒன்றில் சாட்சி சொல்லச் சீருடையோடு போனவரைக் குதிரை ட்ராமில் உள்ளே ஏறவிடவில்லை. மழையில் நடந்து, பிந்திப் போய்ச் சேர்ந்தார். ஏன் பிந்தினீர்கள் என்று கேட்டவர்களுக்கு எழுத்தில் பதில் கொடுத்தார். அந்தக் கடிதம் செனற் வரை போய், வாஷிங்டன் ட்ராம்களில் இன ஒதுக்கலை நிறுத்தும் சட்டத்துக்கு வழிசெய்தது. எழுத்தில் கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள். வாயால் சண்டை பிடித்திருந்தால் நமக்கு இன்று தெரிந்திருக்காது.

அபொட் வேலை செய்தது அகதி முகாம் மருத்துவமனையில். தெற்கிலிருந்து தப்பி வந்த அடிமைகளை அப்போது கொன்ட்ராபாண்ட் என்று அழைத்தார்கள். போரில் கைப்பற்றிய கடத்தல் பொருள் என்று அர்த்தம். ஒரு வடக்குத் தளபதி 1861இல் கண்டுபிடித்த சட்ட உத்தி அது. அடிமை ஒரு பொருள் என்று நீங்களே சொல்கிறீர்கள், எதிரியின் பொருளைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய கடமை எனக்கு இல்லை என்றார். மனிதரைக் காப்பாற்றுவதற்கு அவர்களைப் பொருள் என்று எழுதவேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான பேர், சேற்று நிலம், அம்மை நோய், போதாத மருந்து. முகாம் மருத்துவமனை என்றால் என்ன என்று இந்தக் கூட்டத்தில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்த முகாம் மருத்துவமனையிலிருந்து வளர்ந்துதான் விடுதலை பெற்றோர் மருத்துவமனை என்று பெயர் பெற்றது, பின்னால் ஹவார்ட் பல்கலைக்கழக மருத்துவமனை ஆனது.

லிங்கன் கதையைச் சொல்லாமல் போனால் கேள்வி நேரத்தில் கேட்பீர்கள். 1863-64 குளிர்காலத்தில் வெள்ளை மாளிகை வரவேற்பு ஒன்றுக்கு ஒகஸ்ராவும் அபொட்டும் சீருடையில் போனார்கள். அபொட் பிற்காலத்தில் எழுதிய குறிப்புகளின்படி, லிங்கன் ஒகஸ்ராவின் கையைப் பிடித்து வரவேற்றபோது மகன் றொபேட் ஓடிவந்து, இதை அனுமதிக்கப் போகிறீர்களா என்று கேட்டார். ஏன் கூடாது என்ற மாதிரி லிங்கன் ஒரு சிறிய பதில் சொன்னார், மகன் திரும்பிப் போய்விட்டார். அதன் பிறகு பெரிய மண்டபத்துக்குள் போனபோது அங்கிருந்த எல்லாரும் பார்த்த பார்வையையும் அபொட் எழுதுகிறார். எனக்கு லிங்கனின் பதிலைவிட அந்தப் பார்வையைப் பற்றிய பகுதிதான் நம்பத்தகுந்ததாக இருக்கிறது. பெரிய மனிதர் சொன்ன நல்ல வார்த்தை ஞாபகத்தில் கொஞ்சம் மெருகு ஏறிவிடும். நூறு கண்கள் தன்னைப் பார்த்ததை ஒருவன் மெருகேற்றத் தேவையில்லை. 1865இல் லிங்கன் கொல்லப்பட்ட பிறகு அவருடைய மனைவி மேரி, கணவர் போட்டிருந்த கட்டம்போட்ட சால்வையை அபொட்டுக்குக் கொடுத்தார்.

1866இல் அபொட் ரொறன்ரோ திரும்பினார். 1871 ஓகஸ்டில் மேரி ஆன் கேசியைத் திருமணம் செய்தார். மூன்று பெண்கள், இரண்டு ஆண்கள். திருமணத்துக்குப் பிறகு சாட்டம் நகருக்குக் குடிபோனார்கள். கறுப்பினத்தவர் அதிகம் வாழ்ந்த ஊர் அது. 1874இல் கென்ற் மாவட்டத்தின் மரண விசாரணை அதிகாரியாக நியமிக்கப்பட்டார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதினார், இலக்கிய விவாதச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். 1873 முதல் 1880 வரை வில்பர்போர்ஸ் கல்வி நிறுவனத்தின் தலைவர்.

இந்த நிறுவனத்தில்தான் எனக்கு அக்கறை. 1850ஆம் ஆண்டின் ஒன்ராறியோ பள்ளிச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. கறுப்பினக் குடும்பங்கள் விரும்பிக் கேட்டால் தனிப் பள்ளி அமைக்கலாம் என்று அது சொன்னது. சட்டத்தில் இருந்த சொல் அவர்கள் கேட்டால் என்பது. நடந்ததோ, பல ஊர்களில் வெள்ளையர்கள் அதைக் காட்டி, உங்களுக்குத் தனிப் பள்ளி இருக்கிறது, எங்கள் பள்ளிக்கு வராதீர்கள் என்று கதவை மூடினார்கள். நீதிமன்றத்துக்குப் போனவர்களில் சிலரும் தோற்றார்கள். ரொறன்ரோவில் பிள்ளைகள் கலந்து படித்தார்கள். சாட்டத்தில் பிரித்து வைத்தார்கள். அந்தக் கறுப்பினப் பள்ளிக்குக் கட்டடமும் வசதியும் எவ்வளவு குறைவு என்று அபொட் பகிரங்கமாக எழுதினார். பிரித்து வைப்பதையே எதிர்த்தார்.

ஆனால் அவர் தலைமை தாங்கியது பெரும்பாலும் கறுப்பின மாணவர் படித்த ஒரு நிறுவனத்துக்கு. இது முரண்பாடு இல்லையா என்று கேட்கலாம். அந்தக் காலத்திலும் கேட்டிருப்பார்கள். எனக்குத் தோன்றுவது இது. பொதுப் பள்ளியின் கதவு திறக்கவேண்டும் என்று போராடுகிற அதே பத்து ஆண்டுகளில், திறக்காத கதவுக்கு வெளியே நிற்கிற பிள்ளைக்கு வயது ஏறிக்கொண்டு போகிறது. அந்தப் பிள்ளையை மேற்படிப்புக்குத் தயார்செய்ய ஒரு இடம் உடனே வேண்டும். கொள்கை வெல்லும்வரை வகுப்பைத் தள்ளிப்போட முடியாது. ரொறன்ரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளை நடத்திக்கொண்டே, பள்ளிச் சபைக்குள் தமிழுக்கு இடம் கேட்ட எங்கள் ஆசிரியர்களுக்கு இது புரியும்.

சாட்டத்தின் பிரிவினை 1890களின் தொடக்கத்தில்தான் உடைந்தது, அபொட் அந்த ஊரை விட்டுப் போய்ப் பத்து ஆண்டுக்கு மேல் ஆனபிறகு. சட்டப் பிரிவோ போகவில்லை. 1964 பெப்ரவரி 4ஆம் திகதி ஒன்ராறியோச் சட்டசபையில் லெனாட் பிறெத்வெய்ற் எழுந்து, இந்தப் பிரிவு இன்னும் ஏன் இருக்கிறது என்று கேட்டார். கனடாவில் மாகாணச் சட்டசபை ஒன்றுக்குத் தெரிவான முதல் கறுப்பினத்தவர் அவர். அவரும் முன்னாள் படைவீரர்தான். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் இருந்தவர், ரொறன்ரோவின் ஆட்சேர்ப்பு அலுவலகத்தில் பலமுறை திருப்பி அனுப்பப்பட்ட பிறகு சேர்ந்தவர். அவர் பேசிய அதே ஆண்டில் பிரிவு நீக்கப்பட்டது. கடைசித் தனிப் பள்ளி 1965இல் மூடப்பட்டது. 1965 என்றால் இந்தக் கூட்டத்தில் இருக்கிற சிலர் ஊரில் ஏடு தொடக்கிய காலம்.

1881இல் அபொட் குடும்பம் டன்டாஸ் என்ற சிறிய ஊருக்குப் போனது. அங்கே உயர்நிலைப் பள்ளிக்கு அறங்காவலர், பிறகு 1885 முதல் 1889 வரை தொழிலாளர் நூலகமும் மாலை வகுப்பும் நடத்துகிற சங்கத்தின் நிர்வாகி. 1890இல் மறுபடி ரொறன்ரோ.

இப்போது அந்த ஒப்பந்தம் என்ற சொல்லுக்கு வருவோம். வடக்குப் படையில் இருந்தவர்கள் போருக்குப் பின் ஒரு பெரிய சங்கம் வைத்திருந்தார்கள், குடியரசின் மாபெரும் படை என்று பெயர். ரொறன்ரோவிலும் அதற்குக் கிளை இருந்தது. நியூயோர்க் பிரிவைச் சேர்ந்த 532ஆம் இலக்கக் கிளை. 1890இல் அபொட்டை உறுப்பினராக எடுத்தார்கள். அதிலிருந்து அவர் கப்டன் அபொட். 1892இல் நியூயோர்க் பிரிவுத் தளபதியின் உதவி அதிகாரிகளில் ஒருவராக நியமித்தார்கள். 1863இல் இரண்டு தரம் எழுதிக் கேட்டும் அரசாங்கம் கொடுக்காத தரத்தை, இருபத்தேழு வருடம் கழித்து, தாடி நரைத்த பழைய சிப்பாய்கள் பேச்சு வழக்கில் கொடுத்துவிட்டார்கள். பத்திரத்தில் சிவில் ஒப்பந்த மருத்துவர்தான். அந்தப் பழைய சிப்பாய்கள் பத்திரத்தைப் பார்க்கவில்லை போலும். யார் தங்களோடு முகாமில் நின்றார்கள் என்பதைப் பார்த்தார்கள். எங்கள் போர்க்காலத்திலும் எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாமல் காயக்காரருக்குக் கட்டுப்போட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று நாங்கள் இன்னும் தீர்மானிக்கவில்லை. இதைப் பற்றி இன்று மேலே பேசமாட்டேன், அது வேறு ஒரு உரை.

1894இல் சிக்காகோ. கறுப்பினத் தாதியருக்குப் பயிற்சி கொடுப்பதற்காக 1891இல் தொடங்கிய புறொவிடன்ற் மருத்துவமனையில் தலைமை அறுவை மருத்துவர். அந்த மருத்துவமனையை நிறுவிய டானியல் ஹேல் வில்லியம்ஸ் அதே ஆண்டு வாஷிங்டனுக்கு, அபொட் இளைஞனாக வேலை செய்த அதே விடுதலை பெற்றோர் மருத்துவமனைக்குப் பொறுப்பேற்கப் போனார். அபொட் 1897இல் விலகி ரொறன்ரோ திரும்பினார். அறுபது வயது. இனி எழுத்துத்தான்.

எழுதினார். லண்டன், பொஸ்ரன், நியூயோர்க் சஞ்சிகைகளுக்கு. போர் ஞாபகங்கள், கறுப்பின வரலாறு, டார்வினின் கொள்கை, கவிதை. அப்போது அமெரிக்காவில் ஒரு பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. புக்கர் ரி. வாஷிங்டன், எங்கள் பிள்ளைகள் முதலில் கைத்தொழில் படிக்கட்டும், உழைத்துக் காட்டினால் உரிமை பின்னால் வரும் என்றார். டுபோய்ஸ், உயர்கல்வி இல்லாமல் தலைமை வராது, உரிமையைத் தள்ளிப்போட முடியாது என்றார். அபொட் டுபோய்ஸ் பக்கம் நின்றார். பக்ஸ்ரனில் லத்தீன் படித்த பையன் வேறு எந்தப் பக்கம் நிற்க முடியும்? வட்டுக்கோட்டையை மூடியபோது இதே விவாதம் எங்களிடமும் இருந்தது. ஆனால் அங்கே முடிவெடுத்தவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள். கிறீன் வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களைத் தமிழாக்கம் செய்வித்ததை நாங்கள் கொண்டாடுகிறோம், சரிதான். ஆனால் அவர் தமிழில் கற்பித்ததற்கு ஒரு காரணம், ஆங்கிலம் படித்தவர்கள் ஊரை விட்டு உத்தியோகத்துக்குப் போய்விடுவார்கள் என்ற கவலை. அந்தக் கவலையில் நியாயம் இருந்தது. அந்த இளைஞர்களின் ஆசையிலும் நியாயம் இருந்தது. நான் அபொட்டைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பெயர் தெரியாத மாணவர்களை நினைப்பேன்.

அவர் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் இருக்கிறது. கனடாவில் கறுப்பினத்தவர் ஒரு தனிச் சமூகமாக நிலைக்கமாட்டார்கள், கொஞ்சப் பேர் அமெரிக்கா போய்விடுவார்கள், மிச்சப் பேர் கலப்பு மணத்தால் கரைந்துவிடுவார்கள், நிறக்கோடு இங்கே தானாக மறையும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். அதைத் துக்கமாக எழுதவில்லை. அவருடைய இடத்திலிருந்து பார்த்தால் விளங்குகிறது. போருக்குப் பிறகு ஆயிரக்கணக்கானோர் தெற்கே திரும்பியிருந்தார்கள். ரொறன்ரோவில் மிஞ்சியது சில நூறு பேர். அவரைப்போல நிலமும் படிப்பும் உள்ள குடும்பத்துக்குக் கதவுகள் கொஞ்சம் திறந்தன. தன் குடும்பத்தை அளவாக வைத்து மற்றவர்களையும் அளந்துவிட்டார் என்பது என் குறை. அறுபதுகளில் கரீபியன் தீவுகளிலிருந்து மக்கள் வருவார்கள், ஆபிரிக்காவிலிருந்து வருவார்கள், எக்லின்ரன் வீதி மேற்கில் ஒரு புதிய ஊரே உருவாகும் என்று 1901இல் யாருக்குத் தெரியும்? நிறக்கோடு மறைந்ததா என்பதை அந்த வீதியில் வளர்ந்த பிள்ளைகளிடம் கேட்கவேண்டும்.

இன்னும் இரண்டு தலைமுறையில் தமிழ் இருக்குமா என்று எங்கள் கூட்டங்களில் ஒவ்வொருமுறையும் யாராவது கேட்பார்கள். இருக்காது என்று உறுதியாகச் சொல்கிறவர்களுக்கும், இருக்கும் என்று உறுதியாகச் சொல்கிறவர்களுக்கும் நான் அபொட்டின் அந்தக் கட்டுரையைப் பற்றிச் சொல்வது வழக்கம்.

1913 டிசம்பர் 29இல் மருமகன் பிறெடெரிக் லாங்டன் ஹபார்ட்டின் வீட்டில் இறந்தார். மகள் கிறேசின் கணவர். பிறெடெரிக்கின் தகப்பன் வில்லியம் பெய்ற்றன் ஹபார்ட், 1894இல் ரொறன்ரோ நகரசபைக்குத் தெரிவான முதல் கறுப்பினத்தவர், அபொட்டின் நண்பர். பிறெடெரிக் பின்னால், 1929-30இல், ரொறன்ரோப் போக்குவரத்து ஆணைக்குழுவின் தலைவராக இருந்தார். ஒகஸ்ராவை ட்ராமில் ஏறவிடாத கதையைச் சொன்னேன் அல்லவா. அவருடைய மாணவனின் மருமகன் ஒரு பெரிய நகரத்தின் ட்ராம்களுக்கு எல்லாம் பொறுப்பாக இருந்தார்.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? அபொட் தன் தாள்களை வைத்திருந்தார். கையெழுத்துக் குறிப்புகள், பத்திரிகை வெட்டுகள், படங்கள், தகப்பனைப் பற்றிய ஞாபகங்கள். குடும்பம் அவற்றை எறியவில்லை. ஐம்பது ஆண்டு கழித்து டானியல் ஹில் ரொறன்ரோவின் பழைய கறுப்பினக் குடும்பங்களைப் பற்றி எழுத வந்தார். அவரும் முன்னாள் படைவீரர். இன வாரியாகப் பிரித்து வைத்த அமெரிக்கப் படையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இருந்தவர். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் இந்நகரக் கறுப்பின மக்களைப் பற்றி ஆய்வுசெய்து 1960இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1962இல் ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழுவின் முதல் பணிப்பாளர் ஆனார். 1978இல் ஒன்ராறியோ கறுப்பின வரலாற்றுச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். அவரோடு சேர்ந்து நிறுவியவர்களில் இன்னொருவர் வில்சன் புறூக்ஸ், அவரும் விமானப்படையில் இருந்துவிட்டு ரொறன்ரோவில் ஆசிரியரானவர். அந்தச் சங்கம் கேட்டுத்தான் 1979இல் ரொறன்ரோ நகரசபை கறுப்பின வரலாற்று மாதத்தை அறிவித்தது. 2016இல் கனடியப் பாராளுமன்றம் தை மாதத்தைத் தமிழ் மரபுரிமை மாதமாக ஏற்றுக்கொண்டபோது நாங்கள் நடந்தது அவர்கள் வெட்டிய பாதையில். ஹில்லின் புத்தகம் 1981இல் வெளிவந்தது. வெளியிட்ட பதிப்பகம் இருந்தது அஜின்கோர்ட்டில், ஸ்காபரோவில், எங்கள் கடைகளும் கோயில்களும் பின்னால் வந்த அதே சுற்றாடலில்.

அபொட்டின் தாள்கள் இப்போது ரொறன்ரோ பொது நூலகத்தின் பால்ட்வின் தொகுப்பில் இருக்கின்றன. யங் வீதியில் உள்ள உசாத்துணை நூலகத்துக்குப் போய்க் கேட்டால் பார்க்கலாம். நூலக அட்டையும் ஒரு பென்சிலும் கொண்டுபோங்கள், அங்கே பேனை பாவிக்க விடமாட்டார்கள்.

கேள்விகள் இருந்தால் எடுத்துக்கொள்கிறேன்.